தோட்டத்துக்கு அனுப்பிய நாய்

நாய்ப்பீ அள்ளுவதுதான் என் தொழில். முகம் சுளிப்பவர்களுக்காக நான் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டதில்லை. என்னோடு சேர்ந்து தொழிலைத் தொடங்கிய தங்கைதான் ‘பெட் கிளீனிங் சர்வீஸ்’ என்று விசிட்டிங் கார்டு அடித்தாள். அதை வாங்கிப் படித்துவிட்டு எல்லோரும், “அப்படின்னா என்னக்கா?” என்று கேட்கிறார்கள். அப்புறம் பழையபடி நாய்ப்பீ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆனையூர் பக்கம் போவேன். அங்கே புதிதாகக் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் நாய் இருக்கிறது. வாங்கத் தெரியும், குளிப்பாட்டிப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கத் தெரியும். அது சாப்பிட்டது மறுநாள் வெளியே வரும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வந்த பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்குப் போன் செய்வார்கள். அள்ளுவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. நான் கேட்டைத் தாண்டியதும் நான் நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. புது வீட்டுக்குப் போனால் முதலில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து ஆற்று மணலைக் கொட்டுவோம். நாய் வேறெங்கே போயிருந்தாலும் அதில் கொஞ்சம் எடுத்து அந்த மணலில் போட்டு வைப்போம். தன் வாடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாய் போகும். தினமும் அதே மூலைக்கு நடத்திக் கூட்டிப்போனால் சீக்கிரமே பழகிவிடும். அப்புறம் புல்தரையில் கால் வைக்கப் பயமில்லை. வீட்டுக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அப்படிப் பழகிய நாய்களில் ஒரு லாப்ரடாரைப் போலப் பிடிவாதக்காரனை நான் கண்டதில்லை. டைல்ஸ் கடைக்காரர் வீட்டு நாய். மழை கொட்டினாலும் நனைந்துகொண்டே அந்த மூலைக்குத்தான் போகும், வேறெங்கும் வெளிக்கி இருக்காது. வயதாகி இடுப்பு தளர்ந்தபிறகும் ஆடி ஆடி அங்கேதான் போய்ச் சேரும். நான் போனால் என் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். யாரையும் பார்த்து உறுமியதுகூட இல்லை.

ஒருநாள் அந்த வீட்டு அம்மா போன் செய்தாள். “இனிமே வர வேணாம்க்கா. நாயை ஊர்ப்பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பிட்டோம். அங்க நல்லா ஓடியாடும்ல.”

இந்தத் தோட்டத்தை நான் பல வருஷமாகக் கேள்விப்படுகிறேன். நாய்க்கு வயதானால் தோட்டம், சொறி வந்தால் தோட்டம், வீட்டுக்கு பெயின்ட் அடித்தால் தோட்டம். மதுரையைச் சுற்றி அம்புட்டு நாய்களும் ஓடியாடுகிற அந்தத் தோட்டத்தை ஒருத்தராவது எனக்குக் காட்டியதில்லை. ஆனாலும் அன்றைக்கு, “சரிம்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். சொந்தக்காரர் யாருக்காவது நிஜமாகவே வயக்காடு இருக்கும் என்று நம்பினேன், நம்ப ஆசைப்பட்டேன்.

அந்த வாரமே, நான் அள்ளுகிற நீளப்பிடி போட்ட தகரமுறம் பிடியை விட்டுக் கழன்று வந்தது. அதை எனக்குச் செய்து கொடுத்த வெல்டிங் அண்ணன் பட்டறை அவனியாபுரத்தில், பைபாஸ் ஓரம். பற்றவைக்கக் கொடுத்துவிட்டு நின்றபோது பட்டறைச் சுவரோரம் அந்த லாப்ரடார் படுத்திருந்தது. கழுத்தில் பட்டை இல்லை. காதில் கடிபட்ட காயம்.

“இது யாரு நாய்ண்ணே?” என்றேன்.

“யாரோ கார்ல வந்து எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க தாயி. சோறு போட்டா திங்குது. ஆனா வெளிக்கி இருக்க மாட்டேங்குது. ஒவ்வொரு மூலையாப் போயி மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்துருது. வயிறு கல்லு மாதிரி இருக்கு பாரு.”

எதிரே வீடு கட்டக் கொட்டிய மணல் இருந்தது. அது தெருநாய்களின் ராஜ்ஜியம். காதுக் காயம் அங்கே வாங்கியதுதான் என்றார். ஒரு மூலையைத் தவிர வேறெங்கும் இருக்கக்கூடாது என்று பழக்கச் சொன்னவர்கள், அந்த மூலையைப் பிடுங்கிக்கொண்டு அதை பைபாஸில் தள்ளியிருக்கிறார்கள்.

செல்லூரில் எனக்கு மாடியில் ஒற்றை அறை. கீழே பவர்லூம் ஓடும். வீட்டுக்காரர் பூனை நுழைந்தாலே சத்தம் போடுவார். அதனால் இந்த நாய்க்கு அந்த ஆனையூர் வீட்டை விட்டால் நடுரோடுதான். ஷேர் ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் வேகமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கூட்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, தெரிந்த ஆட்டோவை வரச்சொல்லி, சணல் கயிற்றைக் கழுத்தில் கட்டி ஏற்றினேன். வழிநெடுக வைதுகொண்டே போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “என்னையவா வையிறீங்க?” என்று கேட்டார்.

கேட் திறந்துதான் கிடந்தது. கயிற்றை என் கையிலிருந்து உருவிக்கொண்டு நாய் நேராக அந்த மூலைக்குப் போனது. மணலை அள்ளிவிட்டு ரோஜாச்செடி வைத்திருந்தார்கள். செடிக்குப் பக்கத்தில் முக்கி முனகி உட்கார்ந்து, நாள்கணக்காக அடக்கியதை எல்லாம் இறக்கி வைத்தது.

அந்த அம்மா வெளியே வந்தாள். உள்ளே ஒரு குட்டிநாய் கீச்சென்று குரைத்தது.

“எங்கக்கா இதப் புடிச்சீங்க?” என்றாள், ஏதோ நான் திருடியதைப் போல.

“பைபாஸ்ல. உங்க தோட்டத்துல.”

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நிமிர்ந்துகொண்டாள். “நடக்க முடியலக்கா அதுக்கு. பாப்பாவும் புதுக்குட்டி கேட்டா. நானே உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன். இந்தக் குட்டிக்கும் ஒரு மூலை பழக்கிக் குடுத்துருங்க.”

நான் திரும்பி நாயைப் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, ரோஜாச்செடியைக் காட்டி, “போறப்ப அதையும் அள்ளிட்டு, நாயையும் கூட்டிட்டுப் போயிருங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே” என்றாள்.

“நீ அள்ளு” என்றேன். அதுவரை அவளை நான் நீ என்று சொன்னதில்லை. “உன் நாய், உன் வீடு. அள்ளிப் பாரு.”

இனி அந்த வீட்டில் நாயை விட்டால் நாளைக்கு வேறொரு பைபாஸில் கிடக்கும். என் வீட்டுக்காரர் சத்தம் போட்டால் போடட்டும் என்று கயிற்றை எடுத்தேன். அது வரவில்லை. போர்ட்டிகோவில் கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், எப்போதும் படுக்கிற இடத்தில் படுத்துக்கொண்டது. இழுத்தேன். நகம் தரையைக் கீற வந்தது. கேட்டருகே குனிந்து தூக்கப் போனபோது வெடுக்கென்று என் மணிக்கட்டில் பல் பதித்தது. கையில் மாட்டியிருந்த கிளவுசையும் தாண்டி ரத்தம் வந்தது.

“பாத்தீங்களா, கடிக்கிது. இதுக்குத்தான் விட்டோம்” என்றாள் அவள். இப்போது அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. நான் நாயை வயிற்றோடு அணைத்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன். அது என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த அவளைப் பார்த்து வாலை ஆட்டியது.