யர்மிலா வார்த்த தலை

போஹுஷின் தகனம் முடிந்து எல்லோரும் அவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கசகசா ரொட்டித் தட்டு பாதிகூடக் காலியாகவில்லை. அதற்குள், பிளாஸ்டிக்கில் சின்ன டாங்கிகளை ஒட்டிச் செய்யும் எங்கள் மாடல் சங்கத்தின் தலைவர் ஓல்டா, போஹுஷின் மனைவி யர்மிலா பக்கத்தில் போய் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அலமாரில இருக்கிற டாங்கிப் பெட்டியெல்லாம் சங்கத்துக்கே எடுத்துக்கிறோம். பாதில நிக்கிறதையும் நானே முடிச்சுடறேன். உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

யர்மிலா புர்னோ நகரில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவர் செய்ததையெல்லாம் கடைசிவரை 'பொம்மை' என்றே சொன்னவர். சமையலறையில் பசை வாசம் அடித்தால் ஜன்னலைப் படாரென்று திறப்பார். மகன் ராடிம் உட்பட எல்லோரும் அவர் தலையாட்டுவார் என்றுதான் நினைத்தோம்.

"முதல்ல கையில இருக்கிற ரொட்டியத் தின்னு முடி ஓல்டா. அலமாரி எங்கயும் ஓடிடாது."

"இல்ல, பாதில நிக்கிறத முடிக்க ஒரு ஆள்..."

"நான் முடிக்கிறேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் தன்னைக் கணவரின் வேலை மேசை முன் உட்காரவைத்தது என்று யர்மிலா பிறகு என்னிடம் சொன்னார். துக்கம் படுக்கையிலேயே கிடக்கச் சொன்னதாம், கோபம்தான் எழுப்பிவிட்டதாம்.

பாதியில் நின்றது ஒரு சாண் நீளமுள்ள பழைய சோவியத் டாங்கி. உடலையும் சக்கரங்களையும் போஹுஷ் ஒட்டி முடித்திருந்தார். பீரங்கி நீட்டிக்கொண்டிருக்கும் தலை மட்டும் பாக்கி. நிஜ டாங்கியில் அந்தத் தலை, உருக்கிய எஃகை மணல் அச்சில் ஊற்றி வார்த்தது. மணலின் சொரசொரப்பு அதில் அப்படியே படிந்திருக்கும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் தலையோ சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அதில் வார்ப்பின் சொரசொரப்பைக் கையால் கொண்டுவருவதில்தான் எங்கள் ஆட்களின் கௌரவமே இருக்கிறது.

பள்ளம் அடைக்கும் பட்டிப் பசையைத் தின்னரில் கரைத்துப் பூசி, காயும் முன் பிரஷ்ஷால் குத்த வேண்டும். கணவர் செய்வதை யர்மிலா எத்தனையோ முறை முறைத்துக்கொண்டே பார்த்தவர்தான். ஆனால் அவர் கையில் தின்னர் கூடிப்போயிற்று. பிளாஸ்டிக் இளகி, விளிம்புகள் கரைந்து, தலை முழுக்க கட்டிகட்டியாக நின்றது.

"என்னம்மா இது, ரவைக் கஞ்சி கொட்டின மாதிரி இருக்கு!" என்றான் ராடிம். "பேசாம ஓல்டாகிட்ட குடுத்துடலாம்மா."

"பசிச்சா சொல்லு, வேற கஞ்சி தர்றேன். இதத் தொடாத."

மறுநாள் பஸ் ஏறி, ஊருக்கு வெளியே பழைய பாசறை வாசலில் நிற்கும் அதே வகை டாங்கியைத் தேடிப் போனார். கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தடவ ஆரம்பித்தார். காவலுக்கு நின்ற சிப்பாய் ஓடிவந்தான்.

"பாட்டி, மேல ஏறக் கூடாது!"

"ஏற முட்டி வேணுமேப்பா. தடவத்தான் வந்தேன்."

"டாங்கியத் தடவவா?"

"பின்ன உன் கன்னத்தையா? போ, போய் வாசலப் பாரு."

உடலின் தகடுகள் வழவழவென்று இருந்தன. தலை மட்டும்தான் சொரசொரப்பு. அதுவும் ஒரே சீராக இல்லை. பக்கவாட்டில் ஆரஞ்சுத் தோல் போல மெலிதாகவும் அடிவிளிம்பில் முரடாகவும் இருந்தது. உலோகம் ஊற்றிய வாயை வெட்டி எடுத்த இடத்தில் ஆறிய காயம் மாதிரி ஒரு தழும்பு. குளிரில் விரல் மரத்துப்போகும் வரை தடவிவிட்டுத் திரும்பினார்.

அலமாரியிலிருந்து அதே டாங்கியின் பிரிக்காத இன்னொரு பெட்டியை எடுத்துக் கிழித்தார். விஷயம் கேள்விப்பட்டு ஓல்டா தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தப் பெட்டி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. யர்மிலா அதிலிருந்த தலையில் பட்டியை மெலிதாகப் பூசி, முடியைக் கட்டையாக நறுக்கிய பழைய பல்துலக்கியால் குத்தினார். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசினார். நிஜத் தலையில் வார்ப்பாலை பொறித்திருக்கும் எண்களைப் பிளாஸ்டிக்கில் வெட்டி ஒட்டும்போது ஒன்று கீழே விழுந்துவிட்டது. தரையில் தவழ்ந்து தேடி, கிடைக்காமல், வாய் நிறையத் திட்டிவிட்டு வேறொன்று வெட்டிக்கொண்டார். குளிர்காலம் முழுக்க இதே வேலை.

வசந்தத்தில் எங்கள் கண்காட்சி வந்தது. ஓல்டா தனியாக ஒரு மேசை போட்டு, கறுப்பு நாடா கட்டி, 'போஹுஷின் கடைசி டாங்கி' என்று அட்டையும் எழுதி வைத்திருந்தார். யர்மிலா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியோடு நேரே போட்டி மேசைக்குப் போனார்.

"இங்க வைக்கிறதுதான் அவனுக்கு மரியாதை, யர்மிலா," என்று ஓல்டா குறுக்கே வந்து நின்றார்.

"செய்யாத வேலைய அவர் பேர்ல எழுதறது மரியாதையா? சக்கரம் அவர் செஞ்சது, அதக் கீழ எழுதிக்கோ. மேல என் பேரு."

"நடுவருங்க உங்களக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"பனில தண்டவாளத்த மறிச்சு நின்ன குடிகாரனுங்கள எல்லாம் பாத்தவ நான். நகரு."

ஓல்டா நகர்ந்தார்.

நடுவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சொரசொரப்பு ஜாஸ்தி," என்றார். "நிஜ அளவுக்குக் கணக்குப் போட்டா ஒவ்வொரு மேடும் விரல் தடிமன் வரும்."

யர்மிலா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பீரங்கி வெளிய வர்ற முகப்புல ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். தலைல இல்ல. நிஜ டாங்கில அங்க எல்லாம் என் கை போய் வந்திருக்கு."

நடுவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசு இல்லை. யர்மிலாவின் முகம் சுருங்கியது; அதை அவர் மறைக்கவும் இல்லை. டாங்கியைக் கம்பளித் துண்டில் சுற்றிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார்.

இத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தோம். அந்த வியாழக்கிழமையே, நாங்கள் கூடும் பீர்க்கடையின் பின்னறைக்கு வந்து, மரியாதைக்காக நாங்கள் காலியாக விட்டிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது போஹுஷோட..." என்று இழுத்தார் ஓல்டா.

"தெரியும். கட்டில்ல அவர் படுத்த பக்கத்துலயும் இப்ப நான்தான் படுக்கறேன். இந்த முகப்பச் சுரண்டிட்டு மறுபடி செய்யணும். மெல்லிசு உப்புத்தாள் யாருகிட்ட இருக்கு?"

 நான் என் கருவிப் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினேன்.

அதற்குப் பிறகு இரண்டு வசந்தம் போய்விட்டது. ஒரு பதக்கமும் வரவில்லை. இப்போது தலை மட்டுமல்லாமல் உடலும் வார்த்தே செய்யப்பட்ட ஒரு பிரெஞ்சு டாங்கியைக் கையில் எடுத்திருக்கிறார். எங்களில் ஒருவரும் இதுவரை அதைத் தொட்டதில்லை. வேண்டாம் என்று ஓல்டா வாரம் தவறாமல் சொல்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் யர்மிலா பட்டி டப்பாவைத் திறந்துவிடுகிறார்.