கொடிக்குக் கட்டிய சேலைகள்

போன இலையுதிர் காலத்தில் நடந்தது இது. ஒஸ்லோவில், ஹவுகெட்டோவில் எங்கள் வீடு. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரப் பெண்ணின் குடும்பத்துக்கு, நகரத்துக்குத் தெற்கே கடலோரச் சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. வைனும் அவர்களே செய்கிறார்கள். பழம் பறிக்கும் காலத்தில் நானும் கணவரும் உதவிக்குப் போவோம்.

முதன்முறை போனபோது ஊர்ப்பெருமை தாங்காமல், கொடியைப் பந்தலில் ஏற்றாமல் ஏன் இடுப்பளவுக் கம்பியில் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு என் கையைப் பிடித்து வேரடிக் கல்லில் வைத்தாள். வெயிலில் கல் சூடேறியிருந்தது. இந்தக் குளிர்நாட்டில் அந்தச் சூடுதான் பழத்தைக் கனிய வைக்குமாம். யாழ்ப்பாணத்தில் பந்தல் நிழலில் பழம் பறித்த எனக்கு அது புதுப்பாடம்.

தோட்டம் மூன்று துண்டு நிலம்: தண்ணீரோரம் ஒன்று, நடுச்சரிவில் ஒன்று, காட்டோரம் மேலே ஒன்று. மேல்துண்டு அவள் தன் கையால் நட்டது. அங்கே பழம் பிந்தித்தான் இனிக்கும். அதற்குள் குருவிகள் தின்று முடித்துவிடும். இந்த முறையும் பழம் தேறாவிட்டால் அங்கேயுள்ள கொடிகளைப் பிடுங்கிவிடுவதென்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது.

கீழே பழம் பறிக்கப் போன அன்று மேலே ஏறிப் பார்த்தால், குருவிக்காக மேல்துண்டில் போட்டிருந்த வலையை மான் கிழித்து வைத்திருக்கிறது. உள்ளே குருவிக் கூட்டம். புது வலை வர ஒரு வாரமாகும். பழம் இனிக்கவும் ஒரு வாரம் வேண்டும். அவள் கொடியடியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரில் தோட்டத்துக்குள் மாடு வராமல் பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவார்களே என்று கணவரிடம் சொன்னேன்.

"பெட்டியிலை கிடக்கிற சீலையளுக்கும் ஒரு வேலை வந்திட்டுது. வாரும், எடுத்துக்கொண்டு வருவம்" என்றார்.

வெயில் உள்ளே போகவேண்டும் என்பதால் பட்டுச்சேலைகள் தப்பின. மெல்லிய நைலெக்ஸ், ஜோர்ஜெட் எல்லாவற்றையும் அள்ளினோம். ஒஸ்லோவிலேயே அம்மருட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சிநேகிதியும் ஒரு பை நிறையத் தந்துவிட்டு, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டாள். கொடிகளுக்கு மேலே போர்த்தி, துணிக் கிளிப் மாட்டினோம். கடைசி வரிசைக்குப் போதவில்லை. பையின் அடியில், மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்குக்கு ஒரேயொரு தடவை கட்டிவிட்டு, இன்னொரு நல்ல நாளுக்கென்று வைத்திருந்த வெங்காய நிற ஷிஃபோன் இருந்தது. கணவர் அதைக் கையில் எடுத்து என் முகத்தைப் பார்த்தார்.

"கட்டுங்கோ" என்றேன். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காற்றில் சேலைகள் படபடத்ததில் குருவிகள் பெரும்பாலும் அண்டவில்லை. ஓரத்துக் கொடிகளை மட்டும் கொத்திவிட்டன. மறுவாரம் தோட்டக்காரி பழச்சாற்றில் ஒரு சொட்டை இனிப்புப் பார்க்கும் கருவியில் விட்டு, கண்ணில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து, இனிப் பிடுங்கத் தேவையில்லை என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். என் கணவர் மட்டும் இந்த வைன் எப்போது குடிக்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாச் சேலைகளையும் அவள் துவைத்து மடித்துத் தந்தாள். ஷிஃபோனில் பழக்கறை போகவில்லை. கம்பி இழுத்த கிழிசலும் உண்டு. அதைத் தைத்து, இப்போது கோயிலுக்கும் பிறந்தநாளுக்கும் கட்டுகிறேன். எனக்கு ஒரு நல்ல நாள் வரட்டும் என்று பூட்டி வைத்திருந்த சேலை இன்னொருத்தியின் நல்ல நாளுக்கு உதவியது என்ற நினைப்பு, அதைக் கட்டும் ஒவ்வொரு முறையும் என் மனதை நிறைக்கிறது.