குதிச்ச அத்தை எழுதும் அஞ்சலி

அண்ணன் அமல்ராஜ் இறந்த செய்தி வந்தபோது நான் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனில் பேசியது அவன் மகன் ஆரோக்கியம். "அத்தை, அப்பா போயிட்டாரு. நெஞ்சு வலிக்குது, செத்த நேரம் படுக்கேன்னு படுத்தவருதான், எந்திரிக்கவே இல்ல." "வாரேம்ப்பா" என்று சொல்லிவிட்டு மீதிக் கத்தரிக்காயையும் நறுக்கி முடித்தேன். அழுகை வரவில்லை. வராததை வந்ததாக எழுத என்னால் முடியாது.

முப்பதாம் நாள் பூசைக்கு உறவினர்களுக்குக் கொடுக்கச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். "நீங்கதான் தமிழ் டீச்சரு, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க அத்தை, நல்லதா நாலு வார்த்தை" என்றான் ஆரோக்கியம். நல்லதா என்பதில்தான் சிக்கல். அமல்ராஜ் என் பெரியப்பா மகன், என்னைவிட ஐந்து வயது மூத்தவன். செத்தவரை 'அவர்' என்று எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். உயிரோடு இருந்தவரை 'அவன்' என்றுதான் சொன்னேன். இன்று திடீரென்று மரியாதை காட்டினால் அவனுக்கே சிரிப்பு வரும்.

துக்க வீட்டு வாசலில் வைத்திருந்த பேனரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சைக்கிளோடு அவன் நிற்கும் பழைய படம், கீழே 'எங்கள் ஊர் சைக்கிள் புலி'. நம் குடும்ப வாட்சப் குரூப்பிலும் அதே பாட்டுத்தான். அந்தக் காலத்தில் ஹெல்மெட் இல்லை, பயம் இல்லை, விழுந்து எழுந்துதான் வளர்ந்தோம் என்று ஆளாளுக்குப் பெருமை. விழுந்து எழாமல் போனவர்கள் குரூப்பில் இல்லை, அதனால் மறுத்துப் பேச ஆளில்லை.

அந்தப் பெருமை எங்கே தொடங்கியது என்று இளையவர்களுக்குத் தெரியாது. கன்னிவாடி போகிற வழியில் இருக்கும் நம் ஊர்ப் பொட்டலுக்கு ஒருமுறை சைக்கிள் சாகசக்காரர் ஒருவர் வந்தார். நாலு மூங்கிலை நட்டு, மைக் செட் கட்டி, ஒரு வாரம் இறங்காமல் சைக்கிளில் சுற்றினார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. கால் மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. அவருடைய சைக்கிளில் பிரேக் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவன் அமல்ராஜ்தான். பிரேக் இல்லாததுதான் வீரம் என்று முடிவுகட்டி, அவர் ஊரைவிட்டுப் போன மறுநாளே வாடகை சைக்கிளின் பிரேக் கட்டைகளைக் கழற்றினான். ஒரே இடத்தில் வட்டம் சுற்றுகிறவருக்கு பிரேக் எதற்கு என்று யோசிக்க எங்களில் ஒருவருக்கும் மூளை இல்லை.

"மண்ணுல கால் பட்டா அவன் ஆம்பளையே இல்லலே" என்பது அன்றிலிருந்து அவன் வேதவாக்கு. பையன்கள் யாராவது தயங்கினால், "பயமா இருந்தா வீட்ல உக்காந்து செபமாலை சொல்லு போ" என்பான். இரண்டு கையையும் விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டே குளத்துக்கரை மேல் வருவான். அழகாகத்தான் ஓட்டினான். அதை மறுத்தால் நான் பொய்க்காரி ஆவேன். அந்த வேலையை அவனுக்கே விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பத்து வயது. நம் மாதா கோயில் திருவிழா அன்று மத்தியானம், ஊரே குளத்துக்கரையில் கூடியிருந்தது. சாகசக்காரர் ஒரு சிறுமியைத் தோளில் நிறுத்தி ஓட்டியதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கும் ஒரு சிறுமி தேவைப்பட்டது. இருந்ததிலேயே எடை குறைந்தவள் நான். "ஏ புள்ள, நீதான் தைரியசாலி, ஏறு" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி ஏறினேன். ஹேண்டில்பாரில் அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார வைத்தான். கால்களை நடுக்கம்பி மேல் வைத்துக்கொண்டேன். வழி என் முதுகுப் பக்கம். கரைச் சரிவில் சைக்கிள் இறங்க இறங்க வேகம் கூடியது. கூட்டம் கை தட்டியது. நான் பார்த்தது அவன் முகத்தை மட்டும்தான். அந்த முகத்தில் சிரிப்பு போய், கண் என்னைத் தாண்டி எதையோ பார்த்தது. அடுத்த நொடி சீட்டில் ஆள் இல்லை. பக்கத்துப் புதருக்குள் குதித்துவிட்டான். நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஆளில்லாத சைக்கிளில் போய், துணி துவைக்கிற கல்லில் மோதினேன்.

இடது முழங்கை நொறுங்கியது. முட்டைக் கட்டுப் போட்டார்கள், எலும்பு கோணலாகவே சேர்ந்தது. மேலே கரையில் நின்றவர்களுக்குப் புதர் மறைத்துவிட்டது. அவர்கள் ஓடி வருவதற்குள் அமல்ராஜ் எழுந்து வந்து சைக்கிளைத் தூக்கிப் பிடித்திருந்தான். "பயந்து குதிச்சுட்டா. நான் கடைசிவரைக்கும் சைக்கிள விடல" என்றான். நான் இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதேன். "பொட்டப்புள்ளைக்கு என்னடி சைக்கிளு? பெரியவன் பொய்யா சொல்றான்?" என்று அம்மா, உடைந்த கையோடு இருந்தவள் முதுகில் ரெண்டு வைத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். எந்தக் கல்யாணத்தில் மைக் கிடைத்தாலும் அவன் அந்தக் கதையைச் சொன்னான். பழனி சாலையில் ஒரு மண்டபத்தில், என் சக ஆசிரியைகள் பந்தியில் இருக்கும்போதே, "எங்க தங்கச்சி அம்புட்டுத் தைரியம்! சரிவு முடியறதுக்குள்ள குதிச்சுட்டா" என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'குதிச்ச அத்தை'. பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவனுக்கே அது உண்மையாகிவிட்டது போலும், சொல்லிச் சொல்லி நம்பிவிட்டான் என்று இத்தனை காலம் என்னையே சமாதானம் செய்து வைத்திருந்தேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவன் மகள் ஜெசிந்தா என் மடியில் தலை வைத்து அழுதாள்.

"அப்பா என்னையச் சைக்கிளத் தொடவே விடல அத்தை. ஊருக்கெல்லாம் அவரு புலி, எனக்கு மட்டும் கூடாது. ஒருத்தன் சைக்கிள்லயும் ஏறாத தாயி, ஓட்டுறவன் தான் தப்பிச்சாப் போதும்னு குதிச்சுருவான், நீதான் கல்லுல போயி விழுவன்னு சொல்லுவாரு."

சொல்லி முடித்தவள் எழுந்து உட்கார்ந்து, நிமிராத என் கையைப் பார்த்தாள். "அத்தை..." என்றாள்.

ஆக, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு சிரிப்பிலும் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். மகளைக் காப்பாற்ற மட்டும் உண்மை தேவைப்பட்டிருக்கிறது. மறந்துபோய்ச் சொன்னான் என்றால் மன்னித்திருப்பேன். இதை மன்னிக்க எனக்கு மனசு இல்லை. ஆண்டவர் மன்னிப்பார் என்றால் அது அவர் பாடு.

ஆரோக்கியம், நீ கேட்ட இரண்டு பக்கம் இதுதான். போட்டால் முழுதாகப் போடு, இல்லாவிட்டால் வேண்டாம். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது நிமிராத இந்தக் கையும், அவன் வாயால் கேட்ட அந்த ஒரு சட்டமும். அந்தச் சட்டப்படியே கணக்கைத் தீர்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளே, இனி யாரும் என்னைக் குதிச்ச அத்தை என்று கூப்பிட வேண்டாம். குதித்தது உங்கள் சைக்கிள் புலி. கல்லில் மோதும்வரை என் கால் மண்ணில் படவில்லை.