தாவூது காயப்போட்ட நெல்

தாவூதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு மனசே இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். அவனும் என்னைப் போல் பெயிண்டர்தான். பத்தமடைக்காரன். சவுதியில் தம்மாமில் சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு ஊர் திரும்பியவன். எழுத்து வராது, கோடு போட்டாலும் கோணும். என் எழுத்தையோ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

சேரன்மகாதேவி சாலையில் எங்கள் பள்ளிக்கூட வளைவில் வண்டிகள் பறக்கும். என் மகள் கோமு தினமும் அங்கேதான் சாலையைக் கடக்கிறாள். வேகத்தடை போட நிதி இல்லை என்று பேரூராட்சியில் கைவிரித்தார்கள். 'பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்' என்று கூலி வாங்காமல் பலகை எழுதி நட்டேன். காக்கா மட்டும் வந்து உட்கார்ந்தது.

தாவூது, தண்ணீர்த் தொட்டிக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டைக் கேட்டு வாங்கி, வளைவுக்கு முன்னால் பாதிச் சாலைக்கு நீளமாகப் பூசினான். ஓரத்தில் கல் வைத்த மாதிரி வெள்ளைப் பொட்டுகள். தூரத்திலிருந்து பார்த்தால் அறுவடை முடிந்து காயப்போட்ட நெல். நான் சிரித்தேன்.

"நெல்லுன்னு நெனச்சு பைய வருவாம்லா அண்ணாச்சி," என்றான். "மேல ஏத்துனா சம்சாரி கம்பத் தூக்கிட்டு வந்துருவாம்லா."

அப்படியே நடந்தது. பாபநாசம் பஸ் ஏமாந்தது. விஷயம் தெரிந்த டிரைவருக்கும் கால் தானாக பிரேக்குக்குப் போனது. டீக்கடையில் முதல் கிளாஸ் தாவூதுக்குத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் கோமுவின் சைக்கிள் செயின் நடுச்சாலையில் கழன்றது. மஞ்சளைக் கண்டு மெதுவாக வந்த கருப்பட்டி லாரி, அவளுக்கு முழத் தூரத்தில் நின்றது. ஓடிப்போய் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழும்போதுகூட, இவளைக் காப்பாற்றியது என் பலகையாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

ஐப்பசி மழையில் மஞ்சள் வெளுத்தது. தாவூது மக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருந்தான். கோமுவை நினைத்து, மழை விட்ட ஒரு காலையில் நானே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். நூல் பிடித்து, ஓரம் பிசிறில்லாமல் அடித்தேன். காய்ந்த பிறகு வந்த முதல் பஸ் வேகம் குறையாமல் போனது. அடுத்த லாரியும் அப்படியே. இவ்வளவு நேராக எந்தச் சம்சாரி நெல்லைக் காயப்போடுகிறான்?

பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கியது. மண்டியிட்டு, தாவூதின் கோணலை நினைத்து நினைத்து ஓரமெல்லாம் இழுத்துவிட்டேன்.

பாபநாசம் பஸ் ஊர்ந்து வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "தாவூது அண்ணாச்சி வந்துட்டாவளோ? அவுக கை மாதிரியே இருக்கே," என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் கோமு சைக்கிளோடு நின்றிருந்தாள்.