சந்திரனுக்கு டேலைட் சேவிங் கிடையாது

திவசம் பண்ணிவைக்கும் வாத்தியார் இரண்டாம் முறையாக போன் செய்துவிட்டார். "மாமி, திதி கன்ஃபர்ம் பண்ணிட்டேளா? சமையலுக்கு ஆள் சொல்லணும், நேக்கும் அந்த வாரம் ஃபுல்லா புக் ஆயிண்டிருக்கு." நாளைக்குச் சொல்கிறேன் என்று ஹம்சா போனை வைத்தாள். முந்தின நாளும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

ஹம்சாவின் கணவர் அனந்தராமன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. முதல் திவசம். அமெரிக்காவின் இன்னொரு மூலையில், பிளசன்டனில் இருக்கும் மகன் முகுந்த், அம்மா இருக்கும் ரிச்சர்ட்சனுக்கு வர டிக்கெட் போட வேண்டும். அவன் போனில் இருந்த பஞ்சாங்க ஆப் தேய்பிறை சப்தமி என்றது. ஹம்சாவின் படுக்கையறை அலமாரிக்குள் இருந்த அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் மெஷின் அஷ்டமி என்றது.

"அம்மா, ஜஸ்ட் கோ வித் த ஆப். தட் திங் இஸ் ஓல்டர் தேன் மீ."

"அப்பா எழுதினதுடா அது. ஊரே அதைக் கேட்டுத்தான் திவசம் பண்ணித்து."

"ஐ நோ. பட் ஒன் ஆஃப் தெம் இஸ் ராங், ரைட்?"



தொண்ணூறுகளில் இங்கே ஒரு சாவு விழுந்தால், சென்னைக்கு போன் போட்டு நாள்காட்டியைப் பார்க்கச் சொல்வார்கள். அங்கே விடிந்திருக்கும், இங்கே முந்தின நாள் ராத்திரி. திதி மாறிப்போகும். இதைப் பொறுக்காமல்தான் அனந்தராமன் அந்த நிரலை எழுதினார். இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியையும் மணியையும் கொடுத்தால், அந்த நொடியில் சந்திரன் எங்கே இருந்தது என்று கணக்குப் போட்டுத் திதியைச் சொல்லும். அப்போது புதிதாக வந்திருந்த லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில், சீப்பாகக் கிடைத்த ஒரு கம்ப்யூட்டரில் அதை ஓட்டினார். மானிட்டர்கூடக் கிடையாது, லேப்டாப்பிலிருந்து உள்ளே போய்க் கேட்க வேண்டும்.

நிரல் அவருடையது. மெஷினுக்குச் சிசுருஷை ஹம்சா. அவளுடைய உத்தியோகமே அதுதான். மனைவிக்கான டிபெண்டன்ட் விசாவில் வந்து, இங்கேயே எம்.எஸ். படித்து, ஒரு டெலிகாம் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டாள். அதில் லேஆஃப் ஆனதும் ஒரு பள்ளிக்கூட நிர்வாகத்தில் அதே வேலை. மற்றவர்கள் பாட்லக் விருந்துக்குப் போகும் சனிக்கிழமைகளில் அவள் அப்கிரேட் செய்துகொண்டிருப்பாள். சரியாக நடந்தால் யாருக்கும் தெரியாது. தப்பாகப் போனால் எல்லோருக்கும் அவள் பெயர் தெரியும். ரிட்டயர் ஆன அன்று, இனி எந்த ஸ்க்ரீனும் தன்னை எதுவும் கேட்காது என்று நிம்மதிப்பட்டாள்.

இப்போது மறுபடி ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்தாள். நிரலைப் படித்துப் பார்த்தாள், கணக்கில் பிழை இல்லை. அவர் போனது மார்ச் கடைசியில் ஒரு நாள், இரவு ஒன்பது இருபதுக்கு. சப்தமி முடிந்தது பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். அப்படியானால் சப்தமிதானே வர வேண்டும்? அந்த இரவைக் கிரீன்விச் நேரமாக எப்படி மாற்றுகிறாய் என்று மெஷினையே கேட்டாள். அது ஒரு மணி நேரம் கூட்டி, பத்து இருபதுக்குப் போனதுபோல் சொன்னது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாயிரத்து ஏழில், கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் டேலைட் சேவிங் நாட்களை அமெரிக்கா மாற்றியது. ஏப்ரலில் முன்னால் தள்ளிவைத்த கடிகாரத்தை மார்ச்சிலேயே தள்ளச் சொன்னார்கள். அந்த வருஷம் ஆபீஸ் சர்வர் ஒவ்வொன்றுக்கும் அவள்தான் புது விதியைப் போட்டாள். "ஆத்து மெஷினுக்கும் போட்டுடட்டுமா?" என்று கேட்டபோது அனந்தராமன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சந்திரனுக்கு டேலைட் சேவிங் கிடையாதுடி."

இருவரும் சிரித்து, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். சந்திரனுக்குக் கிடையாதுதான். ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்துக்கு உண்டு.

புது நேர விதிகளின் பேக்கேஜை இறக்கினாள். அதற்குப் புது சி லைப்ரரி வேண்டுமாம். அந்த லைப்ரரிக்கு, பேக்கேஜ் போடும் கருவியே புதிதாக வேண்டுமாம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கை நீட்டியது. கட்டாயப்படுத்தி ஏற்றினாள். அதற்குப் பிறகு எந்தக் கட்டளையும் ஓடவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த லைப்ரரி போய்விட்டது. கோப்புகளைப் பட்டியலிடக்கூட மெஷினுக்குத் தெரியவில்லை.

ஹம்சா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது.

நகல் எடுத்துவைக்காமல் எதிலும் கை வைக்காதது அவள் வழக்கம். டிஸ்க்கைக் கழற்றி, லேப்டாப்பில் மாட்டி, பழைய லைப்ரரியைத் திரும்ப வைத்தாள். மெஷின் எழுந்தது. பேக்கேஜே வேண்டாம் என்று, நேர விதிகள் இருந்த கோப்பைத் திறந்து, மார்ச்சுக்கு ஒரு வரியும் நவம்பருக்கு ஒரு வரியும் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தாள். திரும்பக் கேட்டாள்.

சப்தமி.

முகுந்துக்குச் சொல்லிவிடலாம். அதோடு முடிந்துவிடுமா? தோழி ஜலஜாவின் கணவர் ஸ்ரீநிவாசன் போனதும் ஒரு மார்ச்சில்தான். அனந்தராமன்தான் நாள் சொன்னார். ஹம்சா அந்த மணியைப் போட்டுப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"என்னடி, குரலே சரியில்லையே?"

"ஜலஜா, எங்காத்து மெஷின் தப்பு. உங்காத்து திதி நவமி இல்லை. அஷ்டமி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"அப்போ இத்தனை வருஷமா?"

"ஒரு நாள் லேட்டாப் பண்ணிண்டிருக்கே."

"ஏண்டி, இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாமில்ல? நேக்கு எப்படித் தெரியப் போறது?"

"நேக்குத் தெரியுமே."

ஜலஜா மூக்கை உறிஞ்சினாள். "எங்காத்துக்காரர் ஏர்போர்ட்டுக்கே கேட் மூடறச்சே போய் நிக்கற மனுஷன். ஒரு நாள் லேட்டுன்னா அவர் கண்டுக்க மாட்டார். நான்தான், தப்பான நாள்ல உக்காந்து அழுதுண்டிருந்தேன்." பிறகு குரல் மாறியது. "உன் ஆத்துக்காரர் ரொம்பப் பெரிய கணக்குப் புலின்னு பேரு! திவசத்தன்னிக்கு வரேன். அவர் படத்துக்கு முன்னாடி நின்னு நாலு வார்த்தை கேக்கணும்."

"வா. நானும் கேக்கணும்."

வேறு யார் யார் கேட்டார்கள் என்று அவர் எங்கும் குறித்துவைக்கவில்லை. ஹம்சா கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினாள். இரண்டாயிரத்து ஏழிலிருந்து, மார்ச்சிலோ ஏப்ரல் முதல் வாரத்திலோ அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரத்திலோ நேர்ந்த இறப்புக்கு அனந்தராமனிடம் திதி கேட்டவர்கள் தன்னைக் கூப்பிட வேண்டும். அவர் சொன்னது தவறாக இருக்கலாம். 'தவறாக' என்ற சொல்லை அழித்துவிட்டு மறுபடி அதையே போட்டாள். அனுப்பினாள். பிறகு வாத்தியாருக்கும் முகுந்துக்கும் சப்தமி என்று தெரிவித்தாள். முகுந்த் கட்டைவிரல் படம்கூட அனுப்பவில்லை. "யூ ஓகே, மா?" என்று மட்டும் கேட்டான்.

முதலில் அழைத்தது பக்கத்து ஊர் பிளேனோவிலிருந்து மதன் என்று ஒருவன். அவன் அப்பாவின் திதிக்காக.

"ஆன்ட்டி, மெசேஜ் பாத்தேன். மாறிடுமா?"

"எத்தனை மணிக்குப்பா போனார்?"

அவன் சான்றிதழைத் தேடப் போனான். ஹம்சா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் சொன்ன மணியைத் தட்டினாள். பழைய திதியே வந்தது.

"மாறலை. நீ பண்றது சரிதான்."

"அப்பாடா! தேங்க்ஸ் ஆன்ட்டி. அங்கிளை ரொம்ப மிஸ் பண்றோம்."

அவன் வைப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்து காத்திருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டு அதை எடுத்தாள்.