சர்வரைச் சாய்த்தது நான்தான்

முப்பத்தெட்டு வயதிலேயே அவருக்கு ஆபீஸில் தாத்தா என்று பெயர். அந்த மாபெரும் கம்பெனியில் தலை நரைத்த ஆளைப் பார்ப்பது அபூர்வம். நரைப்பதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது தாத்தாவின் முறை. அவருடைய நால்வர் குழுவைக் கலைத்துவிட்டார்கள். வேறொரு குழுவில் ஒரே ஓர் இடம் காலி. நால்வரும் இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். தேறுகிறவருக்கு வேலை, மற்றவர்களுக்கு டாட்டா. இத்தனை வருடம் உழைத்த இடத்திலேயே 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்கப்போகிறார்களே என்று தாத்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புரோகிராம் எழுதுவதில் பயமில்லை. வாய்தான் வில்லன். எதைக் கேட்டாலும் "நாங்க செஞ்சோம்" என்பார். பணிவெல்லாம் இல்லை. நால்வரும் ஒரே திரைக்கு முன்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார்கள்; ஒருவர் தட்ட, மற்றவர்கள் திட்டுவார்கள். ஆனால் தேற வேண்டுமானால் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு பயிற்சி வீடியோவில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். சாதித்ததும் நான், சொதப்பியதும் நான்; சொதப்பலை ஒப்புக்கொண்டால் மார்க் கூடுதலாம்.

தாத்தா வீட்டில் ஒத்திகை பார்த்தார். நாக்கு அளவுக்கு மீறித் திருந்திவிட்டது. வீட்டுக்கு வந்த மச்சானிடம், "நான் ரெண்டு பிள்ளைங்களைப் பெத்தேன்" என்றார்.

"ஆமா, பாவம், ரொம்ப சிரமப்பட்டாரு. நான் பக்கத்துல நின்னு விசிறினேன்" என்றாள் மனைவி. மச்சான் போனதும் குரல் மாறியது. "இந்த வேலை போச்சுன்னா என்னங்க பண்றது?"

தாத்தாவுக்கும் அதே கேள்விதான். வெளியே தாத்தாக்களை யார் எடுப்பார்கள்?

இன்டர்வியூ கண்ணாடி அறையில். எதிரே ஒரு மேனேஜர் அம்மாள். "நீங்க பண்ணின பெரிய தப்பு ஒண்ணு சொல்லுங்க."

தாத்தா இதற்காகவே காத்திருந்தார். "போன வருஷம் நம்ம வெப்சைட்டே படுத்துச்சே மேடம், அது நான் பண்ணினது. டெஸ்ட் சர்வர்னு நினைச்சு நிஜ சர்வர்ல டேட்டாவை அழிச்சுட்டேன். முழுப் பொறுப்பும் என்னுது."

அம்மாள் பேனாவை வைத்துவிட்டார். "காலையில வந்த ரெண்டு பேரும் இதையேதான் சொன்னாங்க. ஒரே டேட்டாவை எத்தனை பேருங்க தனித்தனியா அழிப்பீங்க?"

தாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. பாவிகள், அதே வீடியோவைப் பார்த்துத் தொலைத்திருக்கிறார்கள்!

"யாரு விரல் பட்டுச்சுன்னு சத்தியமா தெரியாது மேடம். 'தட்டு, தட்டு'ன்னு எல்லாருமாத்தான் கத்தினோம்."

வேலை நான்காவது ஆளுக்குப் போனது. அதிகம் பேசாததால் மௌனி என்று பெயர் வாங்கியவள். "சைட் படுத்த அன்னைக்கு நான் லீவுங்க" என்றாளாம். மேனேஜர் அம்மாள் அன்று கேட்டதில் நம்பும்படி இருந்தது அது ஒன்றுதான். தாத்தாவுக்கு வயிறு எரிந்தது. அழுகையும் வந்தது, அதை மறைக்கப் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

கடைசி வாரத்தில் மௌனி லேப்டாப்போடு வந்து நின்றாள். "தாத்தா, அங்க முதல் வேலை கொடுத்திருக்காங்க. தலையும் புரியல, வாலும் புரியல."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் மற்ற இருவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "தள்ளி உக்காருங்கப்பா, மூச்சு முட்டுது" என்று சிடுசிடுத்தபடி தாத்தா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். சண்டை போட்டு ஒருவழியாக முடித்தார்கள். லேப்டாப்பை மூடி அவள் கையில் கொடுத்தார் தாத்தா.

"அங்க போய் 'நாங்க'ன்னு உளறி வைக்காதே. நீயே செஞ்சதா சொல்லு. உன் வேலையாவது நிலைக்கட்டும்."