மாப்பிள்ளை பார்த்த காவற்கோபுரம்

காலை எட்டரைக்குக் கண்டியிலிருந்து கம்பளை பஸ் புறப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. நான், என் வீட்டுக்காரர், என் தங்கை மலர் என்று மூன்று பேர். போன இடம், கம்பளையைத் தாண்டி மகாவலி ஆற்றோரமாக நிற்கும் ஒரு பழைய காவற்கோபுரம். போன காரணம் வேறு. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: மலருக்கு மாப்பிள்ளை.

மலருக்கு வயது முப்பத்தொன்று. கண்டியில் ஒரு புடைவைக் கடையில் வேலை. இதுவரை மூன்று வீட்டார் வந்து பார்த்தார்கள். வடையும் கேசரியும் தின்று, தேத்தண்ணி குடித்து, அவளை நிற்க வைத்து நடக்க வைத்து, எழும்பிப் போகும்போது "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருத்தராவது சொல்லி அனுப்பினால்தானே! ஒவ்வொரு முறையும் எங்கள் அம்மா டெலிபோனுக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு இரண்டு கிழமை உட்கார்ந்திருந்தார். "இதுதான் கடைசி அக்கா. இதுவும் அப்படிப் போச்சுன்னா இனிமே என்கிட்ட கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து பாக்கிற வேலையும் வேணாம்" என்று மலர் சொல்லிவிட்டாள்.

வீடு வேண்டாம் என்றால் எங்கள் பக்கத்தில் பேராதனைப் பூங்காதான். இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பது போல நடிக்கும். எல்லோருக்கும் விஷயம் தெரியும், இருந்தாலும் "அட, நீங்களுமா!" என்பார்கள். என் வீட்டுக்காரர் மாநகர சபையில் கிளார்க்; வாயைத் திறந்தால் ராசா கதை. "பூங்காவுல ஒரே கூட்டம், காவற்கோபுரத்துக்கு வரச் சொல்லுவோமே" என்றார். தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். மூட்டு வலியால் அம்மா வரவில்லை. பெண்ணுக்குத் தாய் வேஷம் அன்று எனக்கு.

கெட்டம்பை, பேராதனை, கெலிஓயா எல்லாம் கடந்து ஒன்பதரைக்குக் கம்பளையில் இறங்கினோம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்; ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். ஆட்டோக்காரத் தம்பி எங்கள் பட்டுச் சேலைகளை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க என்னாங்க இருக்கு? வெறும் கல்லுதான் இருக்கு."

"கல்லாதான் இருக்கும்னு நானும் நினைக்கிறேன்" என்றாள் மலர். மாப்பிள்ளையைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நன்றாகக் கிள்ளி வைத்தேன்.

பாதை முடிகிற இடத்தில் ஆட்டோ நின்றது. பிறகு வயல் வரப்பில் ஐந்து நிமிட நடை. நடுவில் ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒற்றைப் பலகை. அதைத் தாண்டினால் மேடு, மேட்டின் மேல் கோபுரம். கோபுரம் என்றதும் வானத்தைத் தொடும் என்று நினைக்க வேண்டாம். கீழே இரண்டு ஆள் உயரத்துக்குப் பழைய கருங்கல் கட்டு, பாசி பிடித்துப் பச்சையாக இருக்கிறது. அதற்கு மேல் அண்மையில் கட்டிய மரப் படிகளும், ஓடு வேய்ந்த மேடையும். நுழைவுச் சீட்டு ஐம்பது ரூபாய். சீட்டுக் கொடுத்த சிங்கள ஐயா நல்ல தமிழ் பேசினார்.

"ஏறுங்க நோனா, மெதுவா. மழை பேஞ்சது, படி வழுக்கும்."

மேலே நின்றபோது, என் வீட்டுக்காரரைத் திட்டியதெல்லாம் மறந்துபோனது. அவ்வளவு அழகு! ஆறு வளைந்து வருவதும், மறுகரைத் தோட்டங்களும், நாங்கள் வந்த வரப்பும் ஒரே பார்வையில் விழுகின்றன. கம்பளை தலைநகராக இருந்த காலத்தில் இதைக் கட்டியிருக்கலாம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. எந்த ராசா என்று துணிந்து எழுதவில்லை. ஆற்றில் தண்ணீர் இறங்கும் காலத்தில் ஆட்கள் நடந்து கடப்பது இந்த வளைவில்தானாம். அதனால் காவல். பின்னால் கண்டி ராசாக்கள் காலத்தில் இப்படிப்பட்ட இடங்களில் வழியை அடைத்து முள் கதவு போட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் கதையைத் தொடங்கினார். வருகிறவன் களிமண்ணில் பதித்த முத்திரையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். வியாபாரி என்றால் முத்திரையில் இரண்டு மூட்டை சுமக்கும் ஆள், சிப்பாய் என்றால் ஆயுதம் பிடித்த ஆள்.

"மாப்பிள்ளைக்கு என்ன முத்திரை அத்தான்?" என்று மலர் கேட்டாள்.

"அதெல்லாம் அவங்க போடலைம்மா. நீதான் போடணும்" என்றார் அவர். ராசா கதையில் முதல் தடவையாக உருப்படியாக ஒன்று சொன்னார்.

பதினொன்றுக்கு வரச் சொல்லியிருந்தோம். பத்தரைக்கே பாதை முடிவில் ஒரு வேன் நின்றது. பிலிமத்தலாவையில் இரும்புக் கடையில் வேலை செய்யும் சிவகுமாரும், அவருடைய அம்மாவும் இறங்கினார்கள். அப்பா இல்லை, ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்து அந்த அம்மாதான் மகனை ஆளாக்கினார் என்று கேள்வி. போட்டோவில் மாப்பிள்ளை கோட் போட்டு விறைப்பாக நின்றார். இப்போது வெள்ளைச் சட்டை, பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. நாங்கள் மேலே நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

"வா, கீழ போயிருவோம்" என்றேன்.

"இரு அக்கா. எப்பவும் என்னையத்தானே பாக்கிறாங்க. இன்னைக்கு நான் கொஞ்சம் பாக்கிறேன்."

வாய்க்கால் பலகைக்கு வந்ததும் அந்த அம்மாவின் செருப்பு அறுந்தது. அவர் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கப் பார்த்தார். மகன் விடவில்லை. குந்தி உட்கார்ந்து தன் சப்பாத்துகளைக் கழற்றி அம்மாவின் காலில் மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொள்வது இங்கிருந்தே தெரிந்தது. மகன் செருப்புகளைக் காற்சட்டைப் பைகளில் திணித்து, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, அம்மாவின் கையைப் பிடித்துப் பலகையைக் கடந்தார். சேலைக்குக் கீழே பெரிய கறுப்புச் சப்பாத்து!

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பெண் பார்க்க வருகிற ஆளா இது? மலர் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கீழே இறங்கினோம். "அட, நீங்களுமா!" என்று நான் ஆரம்பித்தேன். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அந்த அம்மா கூசிப்போய்ச் சப்பாத்தைச் சேலையால் மறைத்தார். "மன்னிச்சுக்கங்கம்மா, பாருங்க இந்தப் புள்ள செஞ்ச வேலைய." மாப்பிள்ளை சேற்றுக் காலை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றார்.

மலர்தான் முதலில் பேசினாள். "காலுல முள்ளு குத்தலையா?"

"குத்துச்சுங்க" என்றார். "அம்மாகிட்ட சொல்லலை."

பிறகு எல்லோரும் மர நிழலில் உட்கார்ந்து நாங்கள் கொண்டுபோன முறுக்கைத் தின்றோம். ராசா கதையைத் திரும்ப முதலிலிருந்து கேட்டோம். மாப்பிள்ளை கேள்வி வேறு கேட்டார், என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். புறப்படும் நேரம் அந்த அம்மா எங்கள் முகத்தையே பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் மலர் எழும்பிக் கும்பிட்டு, "நாங்க சொல்லி அனுப்புறோம் அம்மா" என்றாள்.

நான் அவளை முறைத்தேன். அந்த அம்மாவின் முகம் சட்டென்று வாடியது. "ஆகட்டும்மா" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் கோபத்தோடு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் வீட்டு முன்கதவை நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் வாசலில் வந்து நின்று, தலை சீவிச் சிரிக்கிற ஆள்தான் தெரியும். வரப்பில் நடந்து வருகிற ஆள் தெரியாது.

கெலிஓயாவில் பஸ் நின்றபோது மலர் என் கையைத் தட்டினாள். "அக்கா, சொல்லி அனுப்பு."

"என்னான்னு?"

"சரின்னுதான்."

"அடிப்பாவி! அதை அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"ஒருக்கா நானும் சொல்லிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. சொன்னதும் அந்த அம்மா முகத்தைப் பாத்தேன். நம்ம அம்மா முகம் மாதிரியே ஆயிருச்சு. அப்பலேருந்து எனக்கு மனசே சரியில்ல."

"ரெண்டு நாள் போகட்டும்டி. உடனே சொன்னா நம்மள என்னா நினைப்பாங்க?"

"என்னாவும் நினைக்கட்டும். அவங்களும் கதிரையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? இப்பவே எடு."

போனை எடுத்து இலக்கத்தை அழுத்தினேன். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை. அந்த அம்மா எடுத்துவிட்டார்.